பேச முடியாத போன்

மாமனார் இறந்து எட்டு மாதம் கழித்து, உத்தமபாளையத்தில் அவர் இருந்த வீட்டை வாடகைக்கு விடுவதற்காகக் காலி செய்தோம். பரணில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் பித்தளையில் ஏதோ சாமான். கூம்பு மாதிரி ஆறு சின்னக் கிண்ணங்களை ஒரு சக்கரத்தில் வட்டமாகப் பொருத்தியிருந்தார்கள். பின்னால் மீன் வால் போலத் தகடு. சுருட்டி வைத்த ஒயரின் நுனியில், காதில் வைக்கிற கறுப்புக் குமிழ் ஒன்று.

கம்பத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. எனக்கே அது என்னவென்று பிடிபடவில்லை.

"இது அப்பாவோட போன்," என்றாள் மனைவி.

மாமனார் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவள்தான் மதியச் சோறு கொண்டுபோவாளாம்.

"பாலத்துல நின்னுக்கிட்டு இதக் காதுல வச்சு ஆபீசரோட பேசுவாக. நான் கரையில நிப்பேன். அப்பான்னு கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டாக. 'போ, போ'ன்னு கையக் காட்டுவாக. தூக்குவாளிய கல்லு மேல வச்சுட்டு வந்துருவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் அப்பாவிடம் நேராகப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோதுகூட, "மாத்திர போட்டாகளான்னு கேளுங்க," என்று என்னைத்தான் அனுப்புவாள்.

பழைய டெலிபோன் சேர்ப்பவர்களின் குழு ஒன்றைத் தேடிப் பிடித்துப் படம் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் பதில் எழுதினார். "தம்பி, இதில் கேட்கத்தான் முடியும். பேசுகிற பக்கமே இல்லையே, கவனித்தீர்களா?"

கவனிக்கவில்லை. தொழில்காரனான எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காற்று அளக்கிற கருவி என்று ஒருவர் சொல்ல, அப்படியென்றால் வால் எதற்கு என்று இன்னொருவர் மறுக்க, இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் யாரோ என் படங்களைக் கோட்டயத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பினார்கள். பழைய அளவைக் கருவிகள் என்றால் அவருக்கு உயிராம். அன்று சாயங்காலமே குரல் பதிவாகப் பதில் வந்தது. மனைவி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"சேட்டா, இது காத்துக்கு உள்ளதல்ல, வெள்ளத்துக்கு உள்ளது." வெள்ளம் என்று அவர் சொன்னது தண்ணீரை. "இத ஆத்துல இறக்கணும். வெள்ளம் ஓடுற ஒழுக்குல சக்கரம் சுத்தும். ஒவ்வொரு சுத்துக்கும் காதுல டிக்னு கேக்கும். கையில வாச்சப் பிடிச்சு அத எண்ணணும். எத்தன டிக்னு தெரிஞ்சா தண்ணி என்ன வேகத்துல போகுதுன்னு கணக்காக்கலாம். எண்ணுறப்ப ஆரும் பேசக்கூடாது கேட்டோ. ஒண்ணு விட்டுப்போனா பின்னேயும் முதல்ல இருந்து."

"இன்னொருக்கா போடுங்க," என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும், "அப்ப எண்ணிக்கிட்டு இருந்தாகளா," என்றாள். என்னிடம் கேட்ட கேள்வியாக அது தெரியவில்லை. மொச்சைத் தட்டு மடியிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டயத்துக்காரர் குமுளி வழியாக பஸ் பிடித்து வந்துவிட்டார். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் பெயிண்டில் 'கழிவு' என்று எழுதியிருந்ததைக் காட்டினார். புதுக்கருவி வந்ததும் ஆபீசில் பழையதைக் கழித்திருப்பார்கள், மாமனார் கேட்டு வாங்கியிருப்பார் என்றார். இறுகிப்போன சக்கரத்தை நானும் அவரும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் போட்டு, பேட்டரி மாட்டினோம். மூன்று பேருமாக வாய்க்கால் பாலத்துக்குப் போய்க் கருவியைத் தண்ணீரில் இறக்கினோம். குமிழை அவர் என் மனைவியிடம் கொடுத்தார். அவள் உதடு மெல்ல அசைந்தது. நாற்பது சொச்சத்தில் விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டாள். நானும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கும் கையத்தான் காட்டுவாக ஆத்தா," என்றார் அவர். "அதுக்கப்புறந்தான் சோறு கொண்டுபோற வேலைய உன் தலையில கட்டுனேன்."

"உனக்குமா? ஏண்ணே சொல்லல?"

"நீ சொன்னியா?"

அன்றைக்கு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். வைத்துவிட்டு வந்தவளிடம், அப்பா மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"எண்ணாத நேரத்துலயும் அவுக பேசலையேங்க," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா என்னய வேண்டாம்னு வெரட்டலன்னு தெரிஞ்சுபோச்சு."

அடுத்த வாரம் அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினார். சுத்தமாகத் துடைத்து எடுத்துவைத்த பெட்டி கூடத்தில் இருந்தது.