காரணம் கேட்காத இடம்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது. காலையில் முதலில் வருகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருவார்கள். பிந்தி வருகிறவர்களுக்குப் பிரிண்டர் பக்கம். வழுதக்காட்டில் ஒரு பழைய வீட்டைப் பாதி இடித்துப் பாதி விட்டுக் கட்டிய மாடி அது. அரசாங்கம் செய்கிற காரியங்கள் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று வேலை செய்யும் சில சின்ன அமைப்புகள் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்திருந்தன. ஒன்று பஞ்சாயத்துக் கணக்குகளைப் பார்க்கும். ஒன்று அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதைப் பார்க்கும். நான் போய்ச் சேர்ந்த அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும். தனியாக ஓர் அறை எடுக்க வசதியில்லாதவர்கள் மேசையையும் இன்டர்நெட்டையும் டீயையும் பகிர்ந்துகொண்டார்கள்.

சுவர்கள் கண்ணாடி. கூட்டம் நடக்கும் அறையும் கண்ணாடி. இங்கே ஒளிக்க எதுவும் இல்லை என்று காட்டவே அப்படிக் கட்டினார்களாம். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. வாய் அசைவது மட்டும் தெரியும். முதல் சில நாட்கள் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அந்த அறைக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தேன். சத்தமில்லாமல் சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். இதே நகரத்தில், தமிழ் அக்கிரகாரமான வலியசாலையில் வீடு. மலையாளத்தில் ஆபீஸ் நடையில் எழுத வரும். எப்படிக் கேட்டால் அதிகாரியால் நழுவ முடியாது என்பதும் தெரியும், ஏனென்றால் நழுவுகிற பதில்களை எழுதிப் பழகிய கை இது. அங்கே எல்லோரும் என்னை அங்கிள் என்றார்கள். அலுவலகத்தை நடத்திய பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும். சுறுசுறுப்பானவள், கோழிக்கோட்டுக்காரி.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தகவல் கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி காரணம் கேட்கவும் கூடாது. எங்கள் அலுவலகம் இதையே தன் வழக்கமாக வைத்துக்கொண்டது. வாடகைக்கு உதவியாக, வெளியாட்களும் ஒரு நாளைக்குக் கட்டணம் செலுத்தி மேசை எடுக்கலாம். யார், எதற்கு வந்தார் என்று கேட்கக் கூடாது. அரசாங்கத்திடம் நாம் கேட்பதை நாமே செய்யாவிட்டால் எப்படி என்று ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியது நான்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. விண்ணப்பத்தில் பெயரும் விலாசமும் இருந்தே ஆக வேண்டும். சிலருக்குத் தங்கள் பெயர் வெளியே தெரிந்தால் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்காக வேறு ஒருவர் தன் பெயரைக் கொடுப்பார். பெரும்பாலும் அது நான். எனக்கு இழக்க வேலை இல்லை, மாற்றல் பயம் இல்லை. அந்தப் பெண் தலையை நீட்டிப் பார்த்து, "அங்கிளிண்டெ பேரு வெய்க்கட்டே?" என்று கேட்பாள். போடம்மா என்பேன். சில சமயம் என்ன கேள்வி என்றுகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்படி என் பெயர் நான் பார்த்தேயிராத ஊர்களுக்கெல்லாம் போயிற்று.

அது அங்கே என்ன செய்தது என்பது எனக்குத் தெரியாது. ஒரு முறை ஓய்வூதிய வேலையாகக் கருவூலத்துக்குப் போனேன். என் பெயரைப் படித்த குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் வேலை மிக வேகமாக முடிந்தது. வெளியே வந்தபோது எனக்கு முன்னாலேயே யாரோ நானாக அங்கே வந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டே, "ஊர்ல இருக்கற ரோடெல்லாம் உங்க பேர்ல கேட்டாச்சு. நம்மாத்துக் குழாய்ல ஏன் தண்ணி வரலைன்னு மட்டும் கேட்க ஆளில்லை" என்றாள்.

மலை எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தது அதற்குப் பிறகுதான். எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நெடுமங்காடு வழியாக ஏறும் பாதையில், எப்போதாவது வரும் பஸ்ஸை நம்பி இருக்கும் இடம். அவள் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். கணவன் இல்லை. பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏறிப் போன குடும்பம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லைனில் ஒரு வீடு. வேலை போனால் வீடு போய்விடும்; வீடு போனால் கீழே அவளுக்கு ஓர் ஊரும் இல்லை. இதை முதல் நாளே அவள் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அதனால், தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

லைன் வீடுகளுக்குக் கூரை மாற்ற அரசாங்கம் உதவி கொடுத்தது, வேலையும் முடிந்துவிட்டது என்று அங்கே பேச்சு. அவள் வீட்டில் மழை பெய்தால் பாத்திரம் வைக்க இடம் போதவில்லை. கூரை மாற்றிய வீடுகளில் தன் வீடும் உண்டா என்று தெரிய வேண்டும்.

"பேப்பர்ல எங்க கூரை நல்லாத்தான் இருக்காம் சார். அந்தப் பேப்பரையாவது குடுத்தா மேல போட்டு மூடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் பெயர் வருமா என்று கேட்டாள். வராது, என் பெயர்தான் வரும் என்றேன்.

"அப்ப உங்களத்தான தேடி வருவாங்க?"

வரட்டும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு அவ்வப்போது வருவாள். முதல் பதில் வந்தது: எல்லா வீடுகளுக்கும் கூரை மாற்றியாகிவிட்டது. எந்தெந்த வீடு, யார் பார்த்துச் சான்று கொடுத்தார்கள் என்று மேல்முறையீடு செய்தோம். அதன் பிறகு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. பேச்சு இருக்காது. மனைவி எடுத்து, "யாரோ மூச்சு மட்டும் விடறா" என்று என்னிடம் நீட்டுவாள். நான் காதில் வைத்தால் அந்த மூச்சும் நின்றுவிடும். ஆள் மாறியது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

அந்த நாட்களில்தான் அலுவலகத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நடு வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சந்தனம். ஒரு நாள் கட்டணத்தில் தினமும் வந்தார். நான் எந்த மேசையில் இருந்தாலும் அதற்கு எதிரில் ஓர் இடம் அவருக்குக் கிடைத்துவிடும். லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொள்வார், திறந்ததில்லை. டீ குடிப்பார், தன் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். மிக நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாலையில் நான் பையை எடுத்தால் அவரும் எடுப்பார்.

நான் அந்தப் பெண்ணிடம் போய், அவர் யார் என்று விசாரியேன் என்றேன். அவள் தர்மசங்கடமாகப் பார்த்தாள். யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை என்பது அங்கிள் பேசி நிறைவேற்றிய விஷயம்தானே என்றாள். ஏசிக்காக வருகிறவராக இருக்கும், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இப்படி நிறையப் பேர் உண்டு என்றும் சொன்னாள். அவள் சொன்னது நியாயம். நான் திரும்பி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

ஒரு மதியம் நல்ல மழை. எல்லோரும் கூட்ட அறையில் இருந்தார்கள். நானும் அவரும்தான் வெளியே. என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது மழை மட்டும். அவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். எங்கள் தெருவின் தமிழ் அது. அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"மாமா முன்னெல்லாம் சாயங்காலம் கோவில்ல மூணு பிரதட்சணம் பண்ணுவேள். இப்ப ஒண்ணோட உக்காந்துடறேள். முட்டு வலியோ?"

ஆமாம் என்றேன்.

"மாமியும் தனியா கறிகாய் வாங்கப் போறா. ரோட்டைத் தாண்டறச்சே அந்தப் பக்கம் பாக்கறதே இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் அக்கறை இருந்தது. அந்த எஸ்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நான் பல முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மௌனத்தை நிரப்பியது நான்தான்.

"அந்த எஸ்டேட் விஷயம் கேட்டது நான் இல்லை. என் பேர் மட்டும்தான் அதுல. லைன்ல ஒரு அம்மா, கொழுந்து எடுக்கறவ. ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு இங்க வருவா."

"அப்படியா மாமா" என்றார். எழுந்து கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மழை விடுவதற்கு முன்பே போய்விட்டார். பிறகு வரவில்லை. தொலைபேசியும் அன்றோடு நின்றது.

அவளுடைய பெயரை நான் சொல்லவில்லை என்று சில நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆஸ்பத்திரி என்று அடிக்கடி லீவு எடுக்கும் கொழுந்துக்காரியை எஸ்டேட்டில் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

அவள் வர வேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. அவள் கொடுத்திருந்த எண் உபயோகத்தில் இல்லை என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மனைவியிடம் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு நான் மலைக்கு பஸ் ஏறினேன்.

மேலே போனபோது பனி இறங்கியிருந்தது. பக்கத்தில் பேசுகிறவர் முகம் தெரிகிறது, கால் தெரியவில்லை. லைனில் முதல் வீட்டில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே வார்த்தைகளில். விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஒவ்வொருவராக நின்று, என்னைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்து பனிக்குள் போய்விட்டார்கள். ஒரு கிழவரிடம் சத்தமாகக் கேட்டேன். கேட்கவே இல்லாததுபோல் அவர் விறகை அடுக்கினார். வீடு வீடாக அவள் பெயரை நான் உரக்கச் சொல்லிக்கொண்டு போனது எவ்வளவு விபரீதமான காரியம் என்பது கடைசி வீட்டு வாசலில்தான் எனக்கு உறைத்தது. எஸ்டேட் ஆபீஸ் கட்டிடத்துப் படியில் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் நின்று நான் போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி வீட்டிலிருந்து அவள் வெளியே வந்தாள். அவளேதான். வழுதக்காட்டில் எனக்கெதிரில் உட்கார்ந்து சிரித்தவள். முன்பின் அறியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அப்படி ஒருத்தி இங்க இல்லீங்க சார்" என்றாள், படியில் நிற்பவருக்குக் கேட்கும்படி.

நான் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டேன்.

"எங்க கூரைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."

அவளுக்குப் பின்னால் இருட்டில், பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது மழைகூட இல்லை. பனி மட்டும்தான். அதற்கே சொட்டியது. நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம். தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்று ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கியபோது என் விரலெல்லாம் நனைந்தது. டம்ளர் கை மாறும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே கேக்காதீங்க சார். வீட்டுல இருக்க விட்டிருக்காங்க."

பிறகு உரக்க, பஸ் போய்விடும் என்றாள். கதவைச் சாத்தவில்லை. திறந்த வாசலில் நின்று, நான் திரும்பும் வரை யாரோ ஒரு வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்து எனக்குத் தகவல் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். மேல்முறையீடு என் பெயரில். நான் போய்ப் பேச வேண்டும். நான் போகவில்லை. கிடைத்த விவரத்தில் எனக்குத் திருப்தி, எல்லா வீட்டுக்கும் கூரை மாற்றியிருக்கிறார்கள் என்று ஏற்றுக்கொள்கிறேன், மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று நானே எழுதி அனுப்பினேன். நல்ல ஆபீஸ் நடையில் எழுதினேன். அந்தப் பெண்ணிடம் உடம்பு சரியில்லை, அலைய முடியாது என்றேன். அவள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, போர்வைக்குள் படுத்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிள் செய்ததே எவ்வளவோ என்றாள். எனக்கு ஒரு நோயும் இல்லை. இதை அவள் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த மாடிக்கு நான் பிறகு போகவில்லை. கண்ணாடிக்குள் இப்போது யாராவது என் இடத்தில் பெயர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எதிர் மேசையில் யார் வந்து உட்கார்ந்தாலும், எதற்கு என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. எனக்குத் தெரியாத வழியா? ஆனால் நான் விசாரித்தால் அந்த விசாரிப்பு எங்காவது போய்ச் சேரும். ஸ்வெட்டர்காரர் மறுபடி படியில் வந்து நிற்பார். எனவே நான் யாரிடமும் கேட்பதில்லை.