இமைமுடியில் குடியிருந்தவை

பித்தளை மை டப்பா இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. உள்ளே மை இல்லை. மகளின் தோடுகள் கிடக்கின்றன. அதைத் திறக்கும்போதெல்லாம், மாதம் ஒருமுறை எங்கள் மலையின் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துபோன கண் டாக்டரம்மாவின் நினைவு வரும். கீழ்நாட்டுக்காரர், சமவெளியிலிருந்து வருபவர். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றும் என்று கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்குவார். நோயாளிகளைப் பார்க்கும்போதும் அது மேசையில் கிடக்கும்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. காலையில் என் இமைகள் அரிக்கத் தொடங்கி மாதக்கணக்காகியிருந்தது. இமைமுடியின் அடியில் பொடுகு போல ஏதோ ஒட்டியிருக்கும். தேய்த்தால் முடியும் கூடவே வரும். உடம்புச் சூடு என்று நினைத்து விளக்கெண்ணெய் மையை இன்னும் அழுத்தி இட்டேன். எனக்கு இட்ட விரலாலேயே மகளுக்கும் இட்டுவிடுவேன். எங்கள் பக்கம் பல அம்மாக்களும் அப்படித்தான். ஒருநாள் போனில் தேடினேன். இமைமுடியின் வேர்க்காலில் எட்டுக்கால் கொண்ட நுண்ணிய பூச்சிகள் வாழுமாம். நெருங்கிப் பழகினால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுமாம். படித்தவள் என்று பெயர். அதற்குமேல் படிக்கத் தைரியமில்லாமல் போனை அணைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எட்டு நாள் தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டேன். மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் கன்னத்தில் தன் இமையை வைத்துப் படபடவென்று சிமிட்டி, எனக்குக் கூசுகிறதா என்று பார்ப்பாள். அவள் முகத்தைக் கொண்டுவரும்போதெல்லாம் விலக்கினேன். மூன்றாம் நாள் அவள் என்னிடம் வருவதை விட்டுவிட்டு அப்பாவிடம் போனாள். நான் செய்வது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன், ஆனாலும் கூப்பிடவில்லை. வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த கணவர் எட்டாம் நாள் சொன்னார்: "ஏனுங்க படிச்ச அம்மா, உட்டா புள்ளையவும் வேகவெச்சுருவீங்களாட்ட இருக்குது! நாளைக்கு டாக்டரம்மா வாராங்க. மொதல்ல போய்க் காட்டு."

மறுநாள் மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பஞ்சை நனைத்து என் மையைத் துடைத்தார். "இவ்வளவு மைக்குள்ள நான் எதைம்மா பார்க்கிறது? பாப்பாவுக்கும் இதே டப்பாதானா?"

"இல்லீங்க, தனிங்க" என்றேன். மகளுக்காக வந்த இடத்தில் மகளைப் பற்றியே பொய் சொல்கிறேனே என்று உறைத்தது. "ஒரே டப்பாதானுங்க. எனக்கு வெச்ச வெரல்லயே வெப்பேனுங்க. அவளுக்குக் கண்ணு போயிருமாங்க?"

அவர் மகளை அருகில் இழுத்துக்கொண்டார். மகளின் இமைகளைக் கைவிளக்கும் பூதக்கண்ணாடியுமாக வெகுநேரம் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார். பிறகு என் இமைமுடி ஒன்றைப் பிடுங்கி, பரிசோதனை அறையின் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். வேரையொட்டி, குட்டைக் கால்களும் நீண்ட வாலுமாக ஒன்று மெல்ல அசைந்தது. நான் பின்வாங்கினேன். உடனே அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் இமைமுடியைப் பிடுங்கி வைத்தார். அதில் எதுவுமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொன்றைப் பிடுங்கினார். "வந்து பாரும்மா, எங்க வீட்டிலயும் ஆள் இருக்கு!"

பெரியவர்களில் பலருக்கும் இவை இருக்குமாம். சிறு பிள்ளைகளுக்கு அபூர்வமாம். கூட்டம் பெருகினால்தான் இமை அரித்துச் சிவந்து முடி உதிரும். வெதுவெதுப்பான துணியை மூடிய கண்மேல் வைத்து, அவர் கொடுத்த மருந்து நீரால் இமையோரத்தைத் தினமும் துடைக்கச் சொன்னார். "முழுசா விரட்ட முடியாது. பெருகாம பார்த்துக்கிட்டா போதும். மையைத் தூக்கிப் போடு. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் அதற்குள் எலுமிச்சம்பழத்தை உருட்டி விளையாடத் தொடங்கியிருந்தாள். டாக்டரம்மா அதை அவளிடமே கொடுத்துவிட்டார். அரிப்பு அடங்க இரண்டு மாதமானது. பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். பழத்தைக் கொடுத்த அன்று மலையிறங்கும் வழியில் அது கையில் இல்லாமல் என்ன பாடுபட்டாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். அவள் இமைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. இன்று காலை டப்பாவிலிருந்து தோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டேன். திருகாணியை முடுக்கக் குனிந்தபோது, என் கன்னத்தில் இமையை வைத்துச் சிமிட்டினாள்.

"கூசுதாம்மா?"

ஒரு நொடி உடம்பு விலகப் பார்த்தது. "இல்லையே சாமி, இன்னொருக்கா வெய்யி" என்றேன்.