மார்கழிக் குஞ்சுகள்

எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் முன்பக்கம் பலசரக்கு மொத்தக்கடை, பின்பக்கம் வீடு. ஒரே பருப்பு மூட்டையின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்குவார்கள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போய்வரும். "சித்தப்பாகிட்டச் சொல்லு பாப்பா, மல்லி வந்தாச்சுன்னு" என்பார் அப்பா, சித்தப்பா கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே. நானும் திரும்பி நின்று அதை அப்படியே சொல்வேன். எட்டோ ஒன்பதோ வயது எனக்கு. நான் இல்லாவிட்டால் கடை நடக்காது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்டால் அம்மா, "ஒரு காரணமா இருந்தாச் சொல்லலாம்" என்பாள்.

சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மொட்டைமாடியில் கரணப் புறா வளர்த்தார். உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று பின்பக்கமாகக் கரணம் அடித்துச் சுழன்று விழுந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி மேலேறும் ஜாதி அது. அப்பாவுக்கு அவற்றின் பேச்சே ஆகாது. வீடு நாறுகிறது என்பார். கடைப் பட்டாணியெல்லாம் கூண்டுக்குள் போகிறது என்பார். அதையும் நான்தான் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

மற்ற புறாக்காரர்கள் தை கழிந்துதான் ஜோடி சேர்ப்பார்கள். சித்தப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கார்த்திகையிலேயே சேர்த்துவிட்டால் கோடையின் தெளிந்த வானத்தில் குஞ்சுகள் பறக்கப் பழகிவிடும் என்பது அவர் எண்ணம். திருவனந்தபுரத்தில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள், மார்கழி விடியலில் எங்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்ததில்லை. கிழக்கே மலைப்பக்கமிருந்து ஒரு ஈரக்காற்று வரும். இறகு முளைக்காத குஞ்சைக் கொல்ல அது போதும்.

அந்த வருடம் இரண்டு கூடுகளில் நான்கு குஞ்சுகள் பொரித்தன. கண் திறக்காமல், மஞ்சள் மயிரும் உடம்புக்குப் பொருந்தாத அலகுமாகப் பார்க்கச் சகிக்காமல் இருந்தன. சித்தப்பாவோ அவற்றைப் போல அழகு உலகத்தில் இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்கு அம்மை போட்டது. பின்னறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். அம்மா மட்டும்தான் உள்ளே போவாள். நான் சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசுவேன்.

"இனிமேதான் கஷ்டம், பாப்பா" என்றார் சித்தப்பா உள்ளேயிருந்து. "ஒரு வாரம் ஆச்சுன்னா தாய்ப்புறா ராத்திரி குஞ்சு மேல உக்காராது. அதுகளுக்கோ இறகு வந்திருக்காது. நீ சாக்கு போட்டு மூடணும், கேட்டியா? வேற யாரும் செய்யமாட்டாங்க."

மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அங்கே அப்பா இருந்தார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, கூண்டுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார். கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு குஞ்சு அடங்கிக் கிடந்தது. தாய்ப்புறா அவரைக் கொத்தவில்லை.

"அப்பாவுக்குப் புறா தெரியுமா?" என்று கேட்டேன்.

"இந்தக் கூண்டை அடிச்சதே நான்தானே" என்றார். குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டு, "அவங்கிட்டச் சொல்லாண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி சாக்கால் மூடுவதும் விடியலில் குஞ்சுகளைப் பார்ப்பதும்தான் எங்கள் வேலை. அம்மா மணலை வறுத்துத் துணியில் முடிந்து கொடுப்பாள். அம்மை கண்ட வீட்டில் எதையும் வறுக்கவோ தாளிக்கவோ கூடாது. எண்ணெய் விடாமல் வறுத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்தச் சூட்டு முடிச்சை அப்பா தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டுக்கு அடியில் சொருகுவார். கடையில் புது மூட்டையைப் பிரித்துத் தரமான பட்டாணியாகப் பொறுக்கி வந்தவரும் அவர்தான்.

பின்னறைக்கு நேர் மேலேதான் கூண்டு.

"மேல யாரு நடக்கா?" என்று கேட்டார் சித்தப்பா.

"நான்தான்."

"ஓ. இவ்வளவு கனமா மிதிக்கியே, இந்த வீட்டுச் சோறு முழுக்க நீதான் திங்கியா?"

நம்பிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து அவர் குரல் ஏனோ உரத்துவிட்டது. "தொண்டைப் பையைத் தொட்டுப் பாக்கணும், பாப்பா. காலியா இருந்தா தாய் ஊட்டல்லேன்னு அர்த்தம். பட்டாணியை ஊறவச்சுத் தோலை எடுத்து ஊட்டணும். ரொம்ப வேண்டாம், நாலஞ்சு மதி, போதும்." நான் ஓடிப்போய்ப் படியில் நின்ற அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "கேட்டுது" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஒருநாள் தூறலும் காற்றுமாக விடிந்தது. சாக்கு ஒருபக்கம் அவிழ்ந்து கிடந்தது. ஒரு குஞ்சு கூட்டைவிட்டு வெளியே விறைத்துப்போயிருந்தது. அப்பா அதை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி ஊதினார். பிறகு துண்டுக்குள் வெறும் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே கடை திறக்கும் நேரம் தாண்டியது. மூட்டை இறக்க வந்த சுமட்டுக்காரர்கள் தெருவில் நின்று கூப்பிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. வெயில் வந்த பிறகுதான் துண்டை விலக்கிப் பார்த்தார். குஞ்சு அசையவில்லை.

"சித்தப்பா தேறட்டும். அப்புறமாச் சொல்லலாம்" என்றார். அவரே கொல்லையில் கருவேப்பிலைச் செடிக்குக் கீழே குழி பறித்தார்.

"நாலும் சுகமா இருக்கா, பாப்பா?" என்று கேட்டார் சித்தப்பா அன்றைக்கு.

"ஓ, சுகம்தான்."

"இன்னைக்குக் கடை என்ன தாமசம்?"

"மழை" என்றேன்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று சித்தப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினார். அப்பா அங்கே புறாக்களின் தண்ணீர்ச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று குஞ்சுகள் இறகு வைத்துக் கூண்டோரம் நின்றன. இருவரும் ஏதாவது சொன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கத் தயாராக நான் நடுவில் நின்றேன்.

அப்பா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணைக் காப்பாத்த முடியல்லே" என்றார்.

அதில் 'சொல்லு' என்ற வார்த்தை இல்லை. அதனால் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். சித்தப்பா அவருக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினார்.

"காத்து அப்பிடி அடிச்சுதுல்லா, அண்ணா" என்றார். "மூணு நின்னதே பெருசு."

அதற்காக அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவெல்லாம் இல்லை. புறாவைப் பற்றி மட்டும் நேராகப் பேசிக்கொண்டார்கள். கடைப் பேச்சு இன்னும் கொஞ்ச காலம் என் வழியாகவே நடந்தது. பிறகு அதுவும் குறைந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. யாரோ என் வேலையைப் பறித்துக்கொண்டதுபோல் இருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா என்னிடம், "போய் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடு" என்றாள். மாடியில் இருவரும் கண்ணுக்குமேல் கை வைத்து அண்ணாந்து நின்றிருந்தார்கள். கிழக்கேகோட்டைப் பக்கம் உயரத்தில் பறந்த கூட்டத்திலிருந்து ஒரு இளம் புறா பிரிந்து, முதல் தடவையாக ஒரு கரணம் அடித்தது. அது சரியாகக்கூட வரவில்லை. பாதியில் தடுமாறி நிமிர்ந்துகொண்டது. அப்பா சித்தப்பாவின் தோளைப் பிடித்தார்.

"அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்றேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

கீழே வந்து, இருவருக்கும் காது கேட்கவில்லை என்று புகார் செய்தேன். சோறு ஆறினால் வீட்டையே இரண்டாக்கிவிடும் அம்மா, சோற்றுப் பானையைத் தட்டால் மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆறட்டும்" என்றாள்.

எனக்கோ நல்ல பசி. இதில் அம்மா சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.