பொட்டு வைத்த கேமரா

மலேசியாவில், கோலா சாவா பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ரதி எஞ்சினியர். ஆனால் ஆயுத பூசை வந்துவிட்டால் அவளுக்கு வயது பத்தாகிவிடும். ஆலையை நிறுத்தி, பாய்லரை ஆறவிட்டு, ஒவ்வொரு இயந்திரமாகக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அவளுடைய அப்பா இங்கே பாய்லர் வேலை பார்த்த காலத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சுண்டல் வாசனை அடிக்கும். இப்போது லயமும் இல்லை, சனமும் இல்லை. எல்லாரும் சிரம்பானுக்கும் ரந்தாவுக்கும் குடிபோய்விட்டார்கள். பூசை மட்டும் மிச்சம். அதையும் விட்டால் தனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த வருடம் பூசைக்குப் புதிதாக ஒரு கேமராவும் சேர்ந்திருந்தது. பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட வைத்து, மாணவர்களை ஆலைக்கு வரவழைத்தவளே ரதிதான். அதற்கு மேனேஜர் தர்மராஜிடம் நடையாய் நடந்தாள். வந்த பிள்ளைகள், செம்பனைக் குலைகள் ஓடும் கன்வேயர் பட்டைக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். பழுத்த குலை சிவப்பு, காய் கறுப்பு. நிறம் பார்த்துக் கம்பியூட்டர் பிரித்துவிடும். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் விட அவளுக்கு மனசு கேட்கவில்லை. கேமராப் பெட்டியின் நெற்றியில் தாராளமாகவே வைத்தாள்.

ஆலை மறுபடி ஓடி ஆவி கிளம்பியதும் குங்குமம் கரைந்து கண்ணாடியில் வழிந்தது. கம்பியூட்டருக்குக் கண்டதெல்லாம் பழம். காய்க்குலைகள் மாப்பிள்ளை மிடுக்கோடு உள்ளே போயின, எண்ணெய் குறைந்தது. தர்மராஜ் கொதித்துப்போனார். மாணவர்களின் விரிவுரையாளர் டாக்டர் பெட்ரிசியா ஓடிவந்து, ஏணியில் ஏறிப் பார்த்தார்.

"குங்குமமா இது?"

"நான்தான் வச்சேன் டாக்டர். பிள்ளைங்க மேல தப்பு இல்ல."

பெட்ரிசியா சிரித்துவிட்டார். "அவங்க தப்பும் இருக்கு ரதி, என் தப்பும் இருக்கு. எங்க லேப்ல ஆவி ஏது, எண்ணெய்ப் பிசுக்கு ஏது? கண்ணாடி அழுக்கானா கம்பியூட்டரே சொல்லணும்னு யாருக்கும் தோணல. இங்க வந்ததாலதான் தெரியுது."

"தெரிஞ்சிக்க என் மில்லுதான் கெடச்சதா? போதும் லா. ஒப்பந்தத்த இதோட நிறுத்திக்குவோம்" என்றார் தர்மராஜ்.

ரதி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் படிச்சப்ப எந்த மில்லும் என்னைப் பிராக்டிக்கலுக்குச் சேர்க்கல. பாய்லர போர்டுல வரஞ்சுதான் காட்டுனாங்க. சின்னப் பிள்ளையில பூசை அன்னிக்கு மட்டும் எஸ்டேட்டுப் பிள்ளைங்கள உள்ள விடுவாங்களே, அப்ப அப்பா பாய்லரத் தொறந்து காட்டுவாரு. அந்த ஆசையிலதான் எஞ்சினியர் ஆனேன். இவங்கள வெளியே அனுப்பிடாதீங்க சார்."

தர்மராஜும் இந்த எஸ்டேட்டில் வேலையை மேற்பார்த்த மண்டோரின் மகன்தான். அன்றைக்கு உள்ளே வந்து வேடிக்கை பார்த்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். பாய்லர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் பிள்ளைங்கள பூசைக்கு முந்தியே வரச் சொல்லுங்க டாக்டர். பாய்லரத் தொறக்கிறப்ப அவங்களும் கூட நிக்கட்டும்."

 ரதி ஈரத் துணியை எடுத்துக்கொண்டு, கேமராக் கண்ணாடியைத் துடைக்க ஏணியில் ஏறினாள்.