கன்னியப்பனின் வலது செருப்பு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் கன்னியப்பன், தான் சினிமாவுக்குச் செருப்பு தைத்த கதையைச் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. ஒருமுறை நானே சொல்லித் தொலைக்கிறேன்.

வேலூரில் ஒரு படப்பிடிப்பு. காமெடி நடிகரை மாமியார் செருப்பால் அடிக்கிற காட்சி. வலிக்காத செருப்பு வேண்டும் என்றார்கள். கன்னியப்பன் உள்ளே பஞ்சு வைத்து, மேலே தோல் போர்த்தி ஒன்று தைத்தான். சோதித்துப் பார்க்க மனைவி சுந்தரியிடம் கன்னத்தைக் காட்டினான். அவள் சந்தேகம் தீர ஒரு வாரம் சோதித்தாள்.

படப்பிடிப்பில் அடி விழுந்தது. நடிகர் கோயிலில் நிற்பவர் மாதிரி சாந்தமாக நின்றார்.

"வலிச்சாதானேய்யா மூஞ்சில எக்ஸ்பிரஷன் வரும்!" என்று கத்திய டைரக்டர், கன்னியப்பன் காலில் கிடந்த வலது செருப்பைக் கழற்றச் சொன்னார். அந்த அடிக்கு நடிகர் அலறிய அலறலில் யூனிட்டே உருண்டு சிரித்தது. அடுத்த காட்சிக்கும் அதே செருப்பு வேண்டுமென்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

படம் வரும்வரை, ஊரே செருப்பு தைக்கிற ஆம்பூரில் இவன் ஒற்றைச் செருப்போடு நடந்தான். புதுசு வாங்கச் சொன்னால், "ஜோடி நடிக்கப் போயிருக்குதுப்பா" என்பான்.

படம் வந்தது. அந்தக் காட்சியில் தியேட்டரே சிரிக்க, இவன் எழுந்து, "இதோ பாருங்க, அதோட ஜோடி!" என்று இடது செருப்பைத் தூக்கிக் காட்டினான். திரையில் இருக்கும் தங்கள் நடிகர் மேல் எறியப் போகிறான் என்று ரசிகர்கள் பாய்ந்தார்கள். ஆம்பூரில் செருப்புக்கா பஞ்சம்? படத்துக்குச் சிரித்ததைவிட இதற்குத்தான் ஜனங்கள் அதிகம் சிரித்தார்கள்.

சுந்தரி அவன் வீங்கிய கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பதான்யா எக்ஸ்பிரஷன் வந்திருக்குது."