விளக்கு வைக்காத மேசை

கியூபெக்கில், வில்லரே பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நூலகத்தில், அயலவர்கள் தாங்கள் சேர்த்து வைத்திருப்பவற்றைக் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவித்தார்கள். நானும் பெயர் கொடுத்தேன். பழைய சாமான் கடைகளில் பல வருடங்களாகத் தேடிப் பொறுக்கிய சீனத்து மூக்குப்பொடிக் குப்பிகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் கல்லில் செதுக்கியவை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

ஏற்பாடு செய்த பெண் தொலைபேசியில் அழைத்தார். "சீனப் பொருட்களா? நீங்கள் இலங்கையர் அல்லவா, மதாம்? பித்தளை விளக்கு, சேலை என்று ஏதாவது கொண்டுவருவீர்கள் என்று நினைத்தோம்."

"விளக்கு நான் சேர்ப்பதில்லை. சாமிக்கு ஏற்றுகிற ஒன்றுதான் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னேன். யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என் கணவரும் அவர் பக்கமே நின்றார். "விளக்கைக் கொண்டுபோய் வையுமன். ஏன் வீண் கரைச்சல்? சீனாக்காரர் மூக்குத்தூள் போட்ட குப்பிக்கும் எங்களுக்கும் என்ன?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குசினித் தொட்டியில் தண்ணீரை நிரப்பினேன். சாம்பல் நிற அகேட் கல் குப்பியை எடுத்து, மூடியை இறுக்கி, தண்ணீரில் விட்டேன்.

"என்னப்பா செய்யிறீர்? அது கல்லெல்லே!"

குப்பி ஒரு பக்கம் சரிந்து, பிறகு மிதந்தது. அவர் குனிந்தபடியே நின்றார்.

அதன் வாய் ஒரு பென்சில் நுழையும் அளவுதான். அந்த வழியாக வளைந்த கருவிகளை விட்டு, பொடிமணல் போட்டு அராவி அராவி, உள்ளே இருந்த கல் முழுவதையும் ஒருவன் குடைந்து எடுத்திருக்கிறான். உள்ளே நடப்பதை அவன் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கைதான் அவனுக்குச் சொல்லியிருக்கும். சுவர் அவ்வளவு மெல்லியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும்.

"இதென்ன, குருவியே?" கணவர் குப்பியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஓம். கல்லில கிடந்த மண்ணிறக் கறை அது. வேற ஆளெண்டால் சுரண்டி எறிஞ்சிருப்பான். இவன் அதையே குருவியாக்கிப்போட்டான்."

"சரி, கொண்டுபோவம். நான் பெட்டியைத் தூக்கிறன்."

நூலகத்தில் என் மேசைமேல் 'இலங்கை' என்று எழுதிய அட்டை நின்றது. அதைத் திருப்பி, 'சீனக் கல்குப்பிகள். செதுக்கியவர்கள் பெயர் தெரியாது' என்று எழுதி வைத்தேன். ஏற்பாட்டாளர் விரைந்து வந்தார். பார்க்க வருபவர்கள் குழம்பிவிடுவார்கள் என்றார்.

எதிர் மேசையைக் காட்டினேன். கியூபெக்காரர் ஒருவர் ஜப்பானிய ரயில் பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தார். அவருடைய அட்டையில் 'பொம்மை ரயில்கள்' என்று மட்டும் இருந்தது.

"அவரிடம் அவர் ஊர் மேப்பிள் பாகு கொண்டுவரச் சொன்னீர்களா?"

ஏற்பாட்டாளரின் முகம் சிவந்தது. அட்டையைத் தொடாமல் போய்விட்டார். மேசையை விட்டு நான் அசையவில்லை.

மத்தியானம், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்டிலிருந்து வந்த சீனப் பெண்மணி ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார். இப்படிப்பட்டவற்றை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே கண்டிருக்கிறாராம். குருவிக் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கட்டைவிரலால் சிறகைத் தடவினார். இதை ஏன் நீங்கள் சேர்க்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

"அடுத்ததைக் காட்டுங்கள்" என்றார்.