யுஎஸ்பி ஓட்டையும் பூஜையில் இருந்த மெஷினும்

ஆயுத பூஜையன்று காலை கடையில் மெயிலைத் திறந்தேன். ஊரே பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டிருக்க, எனக்கு வந்திருந்தது ஒரு ஓட்டையைப் பற்றிய எச்சரிக்கை.

பிள்ளைகளே, அப்போது நான் செங்கம் சாலையில், ஆசிரமம் பக்கம், ஏழுமலை முதலாளியின் பிரவுசிங் சென்டரில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. லினக்ஸ் போடுவதும் பழுது பார்ப்பதும் வேலையிலேயே பழகியது. அந்த வருஷ மழையில் இடி விழுந்து, கஸ்டமர்களுக்கு விடும் வாடகை மெஷின்களில் நெட் கேபிள் செருகும் லேன் போர்ட்டெல்லாம் கருகிவிட்டன. பதிலுக்கு ஒவ்வொன்றிலும் மலிவான யுஎஸ்பி லேன் அடாப்டர் செருகியிருந்தோம். கல்லாவில் இருந்த மெஷின் மட்டும் தப்பித்தது.

அந்த அடாப்டரை இயக்கும் புரோகிராமான டிரைவர், கர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். கர்னல் என்றால் மெஷினின் மொத்தச் சாவியும் இருக்கிற இடம். ஓட்டை இதுதான்: ஒருவன் ஒரு படி அரிசிதான் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். நீங்கள் நம்பி, ஒரு படி கொள்ளும் பாத்திரத்தை நீட்டுகிறீர்கள். அவன் மூட்டையையே கவிழ்க்கிறான். பக்கத்துப் பாத்திரத்தில் இருப்பதெல்லாம் பாழ். அந்த டிரைவரும் அடாப்டர் சொன்ன அளவை அப்படியே நம்பியது. பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒன்றை, தானும் அடாப்டர்தான் என்று பொய் சொல்லவைத்துச் செருகினால் போதும். மெஷின் அசையாமல் தொங்கி நிற்கலாம். செருகியவன் கைக்கே போய்விடலாம்.

முந்தின நாள்தான் வாடகை மெஷின்கள் சில திடீரென்று, கர்னலே கைவிரித்துவிட்டால் வரும் 'கர்னல் பேனிக்' காட்டி நின்றிருந்தன. கரன்ட் கோளாறு என்று விட்டிருந்தேன்.

திருத்திய கர்னல் இன்னும் வெளிவரவில்லை. அந்த டிரைவர் இயங்கவே கூடாதென்று பிளாக்லிஸ்டில் போட்டேன். அடாப்டர்களைப் பிடுங்கிவிட்டு யுஎஸ்பி போர்ட்டுகள் மேல் டேப் ஒட்டினேன். அதோடு வாடகை மெஷின்களில் நெட்டும் போனது.

"இன்னா சேகரு, லீவு நாள்ல கூட்டம் ஜாஸ்தியா வரும். நீ கடையவே மூடிட்ட? எவனாவது திருடன் வந்தானா, பாத்தியா?" என்றார் முதலாளி.

"பாக்கல மொதலாளி. வந்திருந்தாலும் தெரியாது. அதான் பயமா இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாத திருடனுக்காக வர்ற கஸ்டமரைத் தொரத்துறியா?"

யுஎஸ்பி இல்லாமல் மெஷினுக்குள்ளேயே பொருத்தும் சாதா லேன் கார்டு வாங்கிப் போடலாமென்றால், கம்ப்யூட்டர் கடையெல்லாம் பூஜைக்கு மூடல்.

மத்தியானம் உமா வந்தாள். கோயில் குருக்கள் ஒருவரின் மகள். மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மற்ற சென்டர்கள் பூட்டியிருந்ததால் எங்களிடம் வந்திருந்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு மெஷின மட்டும் தெறந்து விடுங்கண்ணா. பத்து நிமிஷம்."

என் கை டேப் வரைக்கும் போனது. அவள் அப்பாவின் பேங்க் விவரமெல்லாம் அதில் போடவேண்டும். நேற்று தொங்கிய மெஷினுக்குள் என்ன புகுந்திருக்கிறதோ?

"மாட்டேம்மா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

வெளியாள் கைபடாத, நம்பக்கூடிய மெஷின் கல்லாவிலேயே இருந்தது. ஆனால் அது பூஜையில் இருந்தது. வாடகை மெஷின்களுக்கு வெறும் பொட்டு. "அதுங்க சம்பாரிக்கணும்ல" என்பார் முதலாளி. கல்லா மெஷினுக்கு மட்டும் மாலை, சந்தனம், குங்குமம் என்று முழு மரியாதை. மறுநாள் புனர்பூஜை முடியும்வரை அதைத் தொடக்கூடாது. காலையில் வந்து பூஜை செய்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனவரே உமாவின் அப்பாதான்.

உமா ஓடிப்போய் அவரை அழைத்து வந்தாள். வேர்க்க வேர்க்க வந்து நின்றார்.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டார். "சாமி, காலைல இன்னா சொன்னீங்க? யாரும் கை வைக்கப்படாதுன்னீங்க. வருஷா வருஷம் எங்களுக்குச் சொல்றீங்க. உங்க வீட்டுப் பொண்ணுன்னதும் மாறிடுமா?"

குருக்கள் என்னிடம் திரும்பி, "மத்ததுல பண்ணினா என்ன ஆகும்?" என்றார்.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம் சாமி. உங்க பணம் போனாலும் போகலாம். என்னால உறுதியா சொல்ல முடியல."

"சொன்னது நான்தான், ஏழுமலை. எடுக்கறதும் நானே எடுக்கறேன். தோஷம் இருந்தா எனக்கு வரட்டும், உன் கடைக்கு வேண்டாம்."

மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, ஓரமாக வைத்தார்.

"ஆன் பண்ணுடா" என்று முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வரும்வரை யாரும் உட்காரவில்லை.

மறுநாள் புனர்பூஜைக்கு வந்த குருக்கள் டேப்பைப் பார்த்தார். "இதை எப்போ எடுப்பே?"

"புது கர்னல் வந்தப்புறம் சாமி."

"அதுவரைக்கும் யாரும் தொடப்படாது" என்றார், பழக்க தோஷத்தில்.

"நீங்க மட்டும் சொல்லாதீங்க சாமி. சாயந்தரமே வந்து பிச்சிடுவீங்க!" என்றார் முதலாளி. குருக்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சில நாளில் புது கர்னல் வந்தது. எல்லா மெஷினிலும் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போட்டேன். அந்த ஓட்டை வழியாக யாராவது வந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூடியது சரிதான். ஆனால் மூடுவதற்கு முன், இன்று இந்த வழியை நம்பி யார் வருவார்கள், அவர்களுக்கு வேறு வழி என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் அதை முதலில் யோசியுங்கள்.

அதற்குப் பிறகு என் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு லேன் கார்டு உபரியாக இருக்கும். ஆயுத பூஜைக்கு ஸ்குரூ டிரைவர் முதல் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைப்பேன். அந்தக் கார்டை மட்டும் வைப்பதில்லை.